பழைய பாஸ்வேர்டு

"சாரே, ஆற்றுக்கால் பொங்காலைக் கூட்டத்துக்கு டவர் தாங்காது. உங்க வைஃபையையும் வாசலுக்குத் திறந்து விடலாமா? பேரும் பாஸ்வேர்டும் புதுசா மாத்தணும்," என்றார் மொபைல் கம்பெனி ஆள்.

"யாருக்கு வேணும்னாலும் குடுங்கோ. ஆறு வருஷமா இருக்கற பழைய பேரும் பாஸ்வேர்டும் மாத்திரம் மாறப்படாது," என்றார் சேஷன்.

"ஆறு வருஷமா ஒண்ணேதானா!" வந்தவர் சிரித்தார்.

பொங்காலையன்று தெரு முழுக்கப் பெண்கள் பொங்கல் வைக்கும் செங்கல் அடுப்புகளின் புகை. வைஃபையில் சேரும் போன்களின் பெயர்ப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்த சேஷன் சட்டென்று எழுந்தார்.

"சூடாமணி, பிரியாவோட போன் தானா சேர்ந்திருக்குடி! வாசல்லதான் எங்கேயோ இருக்கா!"

காதல் கல்யாணத்துக்காக அவர் துரத்திவிட்ட மகள். ரவுட்டர் வந்த அன்று சிரித்துச் சிரித்து அந்தப் பாஸ்வேர்டைப் போட்டவள்.

சூடாமணி தன் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று செங்கல் அடுக்கினாள்.

"போகச் சொன்னது நீங்கதானே? நீங்களே போய்க் கூட்டிண்டு வாங்கோ."