ஒன்பதாயிரத்துக்கு ஒரு காகிதம்

கழுத்தில் டை, கக்கத்தில் ரசீது புத்தகம், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. இந்த லட்சணத்தோடு லோகேஸ்வரன் பட்டுக்கடைக்குள் நுழைந்ததுமே முதலாளி கலியாணசுந்தரத்துக்கு ஆளைப் பிடிக்கவில்லை. நேரம் பார்த்தா வருவான்?

மாகறலிலிருந்து மகள் கிரேஸோடு வந்திருந்த வடிவுக்கு அவர் அப்போதுதான் கல்யாணப் புடவை காட்டிக்கொண்டிருந்தார். ஷூ கம்பெனியில் ஆறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்த நாற்பதாயிரம் வடிவின் பையில் இருந்தது. ஜரிகை அசல்தானா என்பது ஒன்றே அவளுடைய கவலை.

"நான் சொன்னா நம்பாதம்மா. மெஷின் சொல்லட்டும்" என்று, ஜரிகையைச் சோதிக்கும் மெஷினில் முந்தானையை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளி நாற்பது சதவீதம், தங்கம் அரை சதவீதம் என்று திரை காட்டியது. வடிவின் முகம் மலர்ந்தது.

"அந்த மெஷின் விஷயமாத்தான் சார் வந்தேன்" என்று லோகேஸ்வரன் நடுவில் புகுந்தான். "இந்த மாசத்தோட வாரண்டி முடியுது. ஒன்பதாயிரம் கட்டிட்டீங்கன்னா இன்னும் அஞ்சு வருஷம். வருஷத்துக்கு ரெண்டு வாட்டி இன்ஜினியரே வந்து செக் பண்ணுவாரு."

கலியாணசுந்தரத்துக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம்!

"இன்னாபா, காலங்காத்தால வந்துட்ட? மெஷின் ஜம்முனு ஓடிக்கினு இருக்குது. அதுக்கு எதுக்குய்யா ஒன்பதாயிரம்? எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கும் ஒருத்தன் இப்படித்தான் தலையில கட்டினான். ரிப்பேர்னு கூப்ட்டா, கதவு ரப்பர் வாரண்டியில சேராதாம். கம்ப்ரசர் வோல்டேஜால போச்சாம், அதுவும் சேராதாம். அப்ப இன்னாதான்யா சேரும்? உள்ள எரியற பல்பா?"

வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க டிவிக்கும் அதே கதைதான் சார். போன் பண்ணா பாட்டு போட்டுக்கினே இருக்கறானுங்க."

"சார், இன்னிக்கு ஒண்ணாவது முடிக்கலன்னா மேனேஜர் என்னை..."

"அதுக்கு நான் அழணுமா? கழுத்துல தொங்கற கார்டைத் திருப்பு, மூஞ்சியப் பாக்கலாம்."

கார்டில் போட்டோ பாதி அழிந்திருந்தது. வடிவு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாரண்டி கூட வேணாம் சார். ஃப்ரீயா ஒரு வாட்டி செக் பண்ணிட்டுப் போறேன்" என்று லோகேஸ்வரன் மெஷினை நோக்கிக் கையை நீட்டினான். கலியாணசுந்தரம் அதைப் படாரென்று தட்டிவிட்டார்.

"மெஷின் மேல கை வச்ச, போலீஸக் கூப்டுவேன்! ஒயரை உருவி வுட்டுட்டு ரிப்பேர்னு பில் போடற கும்பல்தானே நீங்க? ஊரை ஏமாத்தற பொழப்புக்கு டை ஒரு கேடு! நட வெளியே!"

லோகேஸ்வரன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனான்.

"பாத்தியாடி? ஏமாத்த வந்தவன எப்படி வெளுத்து வாங்கறாரு! இவருகிட்ட கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, வடிவு பையைத் திறந்து நாற்பதாயிரத்தையும் எடுத்து நீட்டினாள். கிரேஸ் புடவைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இருவரும் தெருமுனையில் திரும்பியதும் கலியாணசுந்தரம் தோளில் கிடந்த பழைய பருத்தித் துண்டை எடுத்து மெஷினைப் பாசத்தோடு துடைத்தார். துண்டு பட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளி நாற்பது சதவீதம், தங்கம் அரை சதவீதம்.

இரண்டு வருடமாக அவரை வாழவைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பழுதை, ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டு சரிசெய்து தருகிறானாம்!