வீட்டில் ஏறும் பிரஷர்

"அடுத்தது!" என்று நர்ஸ் பெர்மெட் கதவைத் திறந்து குரல் கொடுத்தாள்.

காலையிலிருந்து வந்த நோயாளிகளையெல்லாம் அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். கடைசியாக வந்த ஷார்ஷென் பெரியவருக்கு மட்டும் வெறும் 'அடுத்தது'தான். போன வாரமும் இதே கதைதான். நர்ஸுக்கும் அவருக்கும் ஏதோ பழைய சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவருக்கு முன்னால் அவருடைய பேச்சு உள்ளே வந்தது. சாம்பல் நிறக் குதிரை குட்டி போட்டிருக்கிறதாம். குட்டியின் நெற்றியில் வெள்ளை இருக்கிறதாம்.

"பேசக் கூடாது. சாய்ஞ்சு உக்காருங்க. கால் மேல கால் போடாதீங்க" என்றாள் பெர்மெட், தரையைப் பார்த்தபடி.

பெரியவர் கப்சிப் என்று அடங்கினார். கல்பாக் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் அறையில் ஒரு சத்தம் இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

நூற்று முப்பது.

"பாத்தீங்களா தம்பி? ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அடுத்த வாரக் கடைசியில குதிரை, ஆடு எல்லாம் மலைமேல ஜைலோ மேய்ச்சலுக்கு ஏறுது. டாக்டர் சரின்னாத்தான் என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போவேன்கிறான் என் மகன். எந்தக் கோடையிலும் நான் ஊர்ல உக்காந்ததில்ல."

நான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அளவுக் கருவியை வாங்கிப் பொத்தானை அழுத்தினேன். நூற்று அறுபது. நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று அறுபத்து மூன்று.

வெளிநோயாளிகளுக்கு மருத்துவமனையில் எடுக்கும் ரத்த அழுத்தமும் வீட்டில் எடுப்பதும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காகத்தான் பிஷ்கெக்கிலிருந்து இந்த நாரின் மலைப்பக்கம் வந்திருக்கிறேன். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் சிலருக்கு அழுத்தம் எகிறும், வீட்டுக்குப் போனால் இறங்கிவிடும் என்று படித்துவிட்டு வந்தவன் நான். இந்த மனிதர் எல்லாவற்றையும் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்.

"வீட்ல இவ்வளவு ஏறுதே ஐயா. இதோட மலைக்கு விட முடியாது. மாத்திரையையும் கூட்டணும்."

அவர் முகம் வாடிப்போனது. எனக்கே சங்கடமாக இருந்தது.

"வீட்ல யார் அளக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"மருமகதான்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தங்கமான பொண்ணு. எனக்கு டீ ஊத்திக் கொடுத்துட்டு, அப்புறம் மெஷினை எடுப்பா. வந்து ஒன்பது வருஷமாச்சு, என் முன்னாடி ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினதில்ல."

பெர்மெட்டுக்கு இருமல் வந்தது.

"அவங்க அளக்கிறப்போ நீங்க பேசாம இருப்பீங்களா?"

"பேசாமலா? அந்த நேரத்துலதானே அவ ஓடாம ஒரு இடத்துல உக்காந்திருக்கா! குதிரை விலை, அரசாங்கம், பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டது, எல்லாத்தையும் அப்பத்தான் சொல்லுவேன்."

"பேசாதீங்கன்னு அவங்க சொல்ல மாட்டாங்களா?"

"மாமனார்கிட்டயா?" பெரியவர் சிரித்தேவிட்டார். "அப்படிச் சொல்ற மருமக எங்க வம்சத்துக்கு இன்னும் வந்து சேரல தம்பி."

பெர்மெட் பட்டையைச் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பேசிக்கொண்டே அளந்தால் யாருக்குத்தான் ஏறாது? கண்டுபிடித்த பெருமையில் நாக்கு கொஞ்சம் நீண்டது.

"அந்தப் பொண்ணை எங்க பெர்மெட்கிட்ட ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்புங்க ஐயா. இவங்க ஒரு அதட்டு அதட்டினா குதிரையே வாயை மூடிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் தொண்டையைச் செருமினார். பெர்மெட்டின் காதுகள் சிவந்திருந்தன.

மதியமாகிவிட்டது. பெர்மெட் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பைக்குள்ளிருந்து பூப்போட்ட தலைக்குட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து வெளிநோயாளிப் பிரிவையே ஆட்டிவைத்தவள், சட்டென்று அரை சாண் உயரம் குறைந்துவிட்டவள் போலிருந்தாள்.

பிறகு பெரியவரின் தொப்பியை எடுத்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டித் தலை குனிந்தாள். அவருடைய பையையும் எடுத்துக்கொண்டு, அவருக்கு ஓரடி பின்னால் போய் நின்றாள்.

பெரியவர் தொப்பியைப் போட்டாரோ இல்லையோ, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "நெத்தியில வெள்ளைன்னா சும்மா வெள்ளை இல்லம்மா..." அவள் தலையை ஆட்டினாள்.

மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். இது எங்கள் கிர்கிஸ் நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நகரத்தில் வளர்ந்து படித்த எனக்குத்தான் உறைக்கவில்லை.

நான் ஓடிப்போய் ஆணியிலிருந்த கோட்டை எடுத்து நீட்டினேன்.

"பெர்மெட், இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அளக்கும்போது மட்டும் போட்டுக்கங்க."

அவள் கை நீட்டவில்லை. மாமனாரின் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியவர் கோட்டைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"ஒரு வாரம் இறங்கியே இருந்தா ஜைலோவுக்கு விடுவீங்களா?"

"விடுவேன்."

அவரே கோட்டை வாங்கி நாலாக மடித்து, மருமகள் கையிலிருந்த பைக்குள் திணித்தார். அவள் தலை குனிந்தபடியே இருந்தாள். தோள்கள் மட்டும் சிரிப்பில் லேசாகக் குலுங்கின.

பெரியவர் என் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சரி தம்பி. ஆனா, டீ ஊத்தும்போது கழட்டிடணும்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. எனக்குப் பயமா இருக்கு."