லேசான ஊளை

சிக்னலில் பச்சை விழுந்ததும் பல் டாக்டர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். கார் நின்ற இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பாய்ந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களாண்ணே! அக்கா கை வெச்ச வண்டின்னா சும்மாவா?" என்றார் டாக்டர்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அந்தப் பாய்ச்சல் அவனுடையது. கியர்பாக்ஸை இறக்கி, பழைய டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றி, எஞ்சின் நன்றாக முறுக்கேறிய பிறகே சக்கரத்துக்கு இழுவையைக் கொடுக்கிற புதியதை மாட்டியவன் அவன். காருக்கு அடியில் குழிக்குள் நின்று அண்ணாந்து வேலை பார்த்ததில் ஆயில் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கியிருந்தது.

அவன் மனைவி செய்தது பின் அச்சின் பல்சக்கரங்களை மாற்றியது மட்டும்தான்.

'மட்டும்தான்' என்பது அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அது எவ்வளவு பொல்லாத வேலை என்று அவனுக்குத் தெரியும். ஒரு சக்கரத்தின் பல்லுக்கும் மற்றதன் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். கொஞ்சம் பிசகினால் போதும், வேகமெடுக்கும்போது பின்னாலிருந்து ஊளையிடும்.

அவனும் முயன்று பார்த்தவன்தான். அவன் மாட்டியவை எல்லாம் ஊளையிட்டன.

அவள் பற்களில் மஞ்சள் சாயம் தடவுவாள். சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பாள். சாயம் எங்கே அழிந்திருக்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, இடைவெளிக்கு வைத்த ஒரு தகட்டை எடுத்து அதைவிட மெல்லியதாக இன்னொன்றை வைப்பாள். அவ்வளவுதான்.

பட்டறையின் பெயர்ப் பலகையில் இருந்தது அவன் பெயர். வருகிறவர்கள் கேட்டதோ, "அக்கா இருக்காங்களா?"

"நான் பாக்குறதும் பல்லு, அக்கா பாக்குறதும் பல்லு," என்று டாக்டர் சிரித்தார். "கிளம்பறப்போ தேங்க்ஸ்னு சொன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல. பெரிய கைங்க அப்படித்தான் இருப்பாங்க, இல்லண்ணே?"

அவன் பின்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

வண்டியை ஓட்டிப் பார்க்க எப்போதும் அவன்தான் போவான். இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அக்கா வருவாரா என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

"இப்போ காலை எடுங்க டாக்டர்."

டாக்டர் காலை எடுத்தார். கார் தன் வேகத்தில் உருண்டது. பல்சக்கரங்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் இந்த நேரத்தில்தான் குட்டு வெளிப்படும்.

ஒரே ஒரு தடவை ஊளையிடட்டும் என்று அவன் காத்திருந்தான்.

டயர் தரையில் உரசுவது கேட்டது. காற்று கேட்டது. பின்னால், குழந்தை தூங்குகிற அறை மாதிரி அமைதி.

வேகத்தை ஏற்றச் சொன்னான். இறக்கச் சொன்னான். மறுபடி ஏற்றச் சொன்னான்.

ஒன்றுமில்லை.

கட்டின பெண்டாட்டி மேலேயே வயிற்றெரிச்சலா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். வயிறு எரிவது நிற்கவில்லை.

பட்டறை வாசலில் அவள் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். காரைப் பார்க்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. இறங்கி வந்த கணவனின் முகத்தையே பார்த்தாள்.

"எப்படிங்க?"

"லேசா ஊளை இருக்கு."

அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

டாக்டர் பதறிப்போய் இருவருக்கும் நடுவே வந்தார். "எனக்கு ஒண்ணுமே கேக்கலையேண்ணே!"

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் வருத்தமோ சந்தேகமோ இல்லை.

"உங்களுக்குக் கேக்காது டாக்டர். அவருக்குக் கேட்டுச்சுன்னா இருக்கு. இந்தப் பட்டறையே அவரை நம்பித்தான் ஓடுது."

வாடிக்கையாளர் ஒருவர் முன்னால் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அவன் ஏங்காத நாளில்லை. இப்போது அது கிடைத்தது. சொன்னதை மாற்றிச் சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் அவள் சாவியை வாங்கி, காரைக் குழியின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். பெரிய ஸ்பேனரையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மூன்று நாள் இழைத்து இழைத்துப் பொருத்தியதைத் திரும்பக் கழற்ற.

"இந்தா... வேணாம், விடு!"

அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள்.

"ஊளை இல்ல! ஒண்ணுமே இல்ல, மேல வா!" அவன் கத்தினான்.

டாக்டர் அவனையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னண்ணே, அக்காவுக்குக் கோவமா?"

கோபமில்லை. போன வருஷத்தோடு அவளுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டாள். தான் பொருத்திய பல்சக்கரம் ஊளையிடுகிறதா இல்லையா என்பதை அவன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். இது இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும்.

அவன் குழிக்குள் இறங்கினான். ஸ்பேனர் பிடித்திருந்த கையைத் தொட்டான். அவள் திரும்பினாள்.

உள்ளே இருட்டாக இருந்தது.

அவள் கையிலிருந்த விளக்கை வாங்கி, தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.