ஒரு குப்பி யாக் ரத்தம்

“முதல்ல யாக்குக்கு ஊசி போடுங்க டாக்டரய்யா. அப்புறம் ரத்தம் எடுங்க!” தொழுவ வாசலை மறித்து நின்றாள் மாடு மேய்க்கும் ஜூரா.

தலாய்பெக்குக்கு மூச்சு வாங்கியது. கிர்கிஸ்தானின் நாரின் நகரிலிருந்து பாதி வழி ஜீப், மீதி வழி குதிரை. கால்நடை மருத்துவம் படித்தவர்தான்; ஆனால் பட்டம் வாங்கிய கையோடு தலைநகர் பிஷ்கேக்கில் கணினி முன்னால் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவேயில்லை.

பசு, செம்மறி, வெள்ளாடு. இவற்றின் உடம்பில் நோய்க்கிருமியை மோப்பம் பிடிக்கும் ஏற்பிப் புரதங்களின் வடிவத்தை ஒப்பிட்டு முடித்தாயிற்று. பனிமலை மாடான யாக் மட்டும் பாக்கி; அதன் ரத்தத்துக்குத்தான் இந்த மலையேற்றம்.

“மத்த யாக்கெல்லாம் எங்கம்மா?”

“மேல பனிப்பக்கம் மேயப் போயிருக்கு. இது மட்டும் காய்ச்சல்ல படுத்துக்கிச்சு. நடுங்குதேன்னு போர்த்தி வச்சிருக்கேன்.”

இருட்டில் கொம்பு முதல் வால் வரை கம்பளிக்குள் கிடந்தது அது. ஊசி இறங்கியதும் “ம்ம்மா!” என்று கத்தி, அவரைச் சாணியில் உட்கார வைத்தது. யாக் உறுமும் என்றுதான் படித்திருந்தார். காய்ச்சலில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு குப்பி ரத்தம் எடுத்துக்கொண்டார்.

ஆய்வகத்தில், உதவியாளர் அகிலாய் இரண்டு புரத வடிவங்களைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

“சார்! யாக்குக்கும் பசுவுக்கும் ஒரு இம்மிகூட வித்தியாசமில்ல!”

“அத்தனை காலம் பனியில கிடந்தும் மாறவே இல்லியா? உலகமே நம்மளத் திரும்பிப் பாக்கப்போவுது, அகிலாய்!”

அன்றே ஆய்வகம் முழுவதற்கும் பெஷ்பர்மக் கறி விருந்து வைத்தார். மாநாட்டில் பேசப் புதுக் கோட்டும் தைக்கக் கொடுத்தார்.

“ஒரே ஒரு யாக்க நம்பி மேடை ஏறாதீங்க சார்,” என்றாள் அகிலாய், கறியை மென்றபடி. “இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்.”

தலாய்பெக் உடனே ஜூராவுக்குப் போன் போட்டார்.

“உங்க யாக் எப்படிம்மா இருக்கு?”

“நீங்க போட்ட ஊசியில ஜம்முனு எந்திரிச்சிடுச்சு! காலையில ரெண்டு வாளி பால் கறந்தேன்.”

“ரெண்டு வாளியா? யாக் எப்படிம்மா அவ்வளவு கறக்கும்?”

ஜூரா குரலைத் தாழ்த்தினாள்.

“கோவிச்சுக்காதீங்க டாக்டரய்யா. பசுவுக்குக் காய்ச்சல்னா யாரு மலையேறி வர்றாங்க?”