ஈட்டுப் பிள்ளைகள்

பகை நாடுகள் இரண்டும் சேர்ந்து கொடுத்த சமாதான ஆராய்ச்சி நிதிக்கு ஒரே நிபந்தனைதான்: கூட்டாளி விஞ்ஞானியின் பிள்ளை உங்கள் வீட்டில் வளரும், உங்கள் பிள்ளை அவர் வீட்டில். சொந்த நாட்டுப் பிள்ளை இருக்கும் ஊரில் எவன் குண்டு போடுவான் என்று நம்பித்தான் விஞ்ஞானி குழலி கையெழுத்துப் போட்டாள். மகன் அதியன் அங்கே போனான், கூட்டாளியின் மகள் நோரா இங்கே வந்தாள். மத்தியானம் இருவரும் வீடியோவில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

இன்று தெருவெல்லாம் பட்டாசு. பக்கத்து வீட்டுக்காரர் லட்டு நீட்டினார்.

"அவனுங்க ஊர் ஒண்ணைத் தரைமட்டமாக்கிட்டோம், டாக்டரம்மா!"

எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னார்.

உள்ளே நோரா தயிர்சாதத்தைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அதியன் எடுக்கவே மாட்டேங்கறான்."

"நீ சாப்பிடும்மா."

"அவன் வரட்டும். நான் முதல்ல சாப்பிட்டா அழுவான்."