பல்லக்கில போன மனுசன்

எல்லாரும் படியில நடந்து ஏற, என்ர மனுசன் மட்டும் பல்லக்கில ஏறிக் குந்தினார்.

சொல்லவும் வெக்கமாக் கிடக்கு. ரெண்டு மெலிஞ்ச சீனாக்காரர் மூங்கில் தடியைத் தோளில வைச்சுத் தூக்க, இவர் மாப்பிள்ளை மாதிரிச் சாய்ஞ்சுகொண்டு போனார்.

இது நடந்தது ரெண்டாயிரத்தாறில. ஒஸ்லோவில நான் வேலை செய்யிற வயோதிபர் இல்லத்துக்காரர் குடும்பங்களோட சேர்ந்து சீனாவுக்குப் போனவை. யாங்சி ஆற்றில கப்பல் பயணம். அகதியா வந்த எங்களையும் தங்கட ஆக்களா நினைச்சுக் கூட்டிக்கொண்டு போனதே பெரிய காரியம். தமிழர் எண்டு நாங்கள் ரெண்டு பேர்தான். அதால நான் ஒவ்வொண்டையும் பாத்துப் பாத்துத்தான் நடந்தன்.

அண்டைக்குக் காலமை கப்பல் ஒரு மலையடியில நிண்டது. உச்சியில பழைய கோயில். நானூறு படி.

சாப்பாட்டு மேசையிலேயே என்ர மேலதிகாரி காரின் எழும்பிச் சொல்லிப்போட்டா. கீழ பல்லக்குக்காரர் நிப்பினமாம். மனுசனை மனுசன் தூக்கிறது சரியில்லை, ஒருத்தரும் ஏறவேண்டாமாம். எல்லாரும் கை தட்டினம். நானும் நல்லாத் தட்டினன்.

கரையில பத்துப் பன்ரெண்டு பேர் பல்லக்குகளோட இருந்தவை. எங்களைக் கண்டதும் சிகரெட்டை எறிஞ்சுபோட்டு எழும்பிச்சினம். நாங்கள் சிரிச்சுத் தலையாட்டி, வேண்டாம் எண்டு சொல்லிக் கடந்து போனம். ஒவ்வொருத்தராத் திரும்பக் குந்திச்சினம்.

இவர் நிண்டிட்டார்.

"இஞ்சாரும், எனக்கு முழங்கால் நோகுது. நீர் நடவும்."

இருபது வருசத்தில ஒரு நாள் கூட முழங்கால் நோ எண்டு சொன்ன மனுசனில்லை. சத்தம் போடாமல் கெஞ்சிப் பாத்தன். கேக்கேல்லை.

மேல போற வழியெல்லாம் இவர் தமிழில கதைக்க, அவங்கள் சீனத்தில கதைக்க, ஒரே சிரிப்பு. எனக்கெண்டால் நெருப்பில நடக்கிற மாதிரி இருந்தது. காரின் ஒண்டும் சொல்லேல்லை, என்ர முகத்தைப் பாக்கவுமில்லை. ரெண்டு வார்த்தை ஏசியிருந்தாலும் ஆறியிருப்பன். அந்தக் கோயிலில என்ன சாமி இருந்ததெண்டே எனக்கு ஞாபகமில்லை.

சரி, இறங்கவாவது நடப்பார் எண்டு பாத்தால், வேற ரெண்டு பேரைக் கூப்பிட்டு அவையின்ர பல்லக்கில ஏறினார்.

அதோட நான் இவரோட கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டன். மிச்சப் பயணம் முழுக்க ஒரு சொல் கதைக்கேல்லை.

ஒஸ்லோவில நாங்கள் இருக்கிற வெஸ்ட்லிக்கு வந்து சேர்ந்தால், எங்கட கட்டடத்தில லிஃப்ட் பழுது. வீடு ஆறாம் மாடியில. இவர் ரெண்டு பெரிய சூட்கேசையும் ரெண்டு கையில தூக்கிக்கொண்டு, ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறினார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அப்ப முழங்கால்?"

சூட்கேசுகளை வைச்சுப்போட்டு அந்தப் படியிலேயே இருந்தார்.

"நோகேல்லை. நாங்கள் எல்லாரும் நல்ல ஆக்களா நடந்து போக, அவங்கள் திரும்பக் குந்தினவங்கள். அந்த முகங்களைப் பாத்தனீரோ? எனக்கு அந்த முகம் தெரியும்."

பிறகுதான் சொன்னார், இவ்வளவு காலமும் சொல்லாத கதையை. நோர்வேக்கு வந்த முதல் குளிர்காலம் வீடு வீடாப் போய், வாசலில ஸ்னோ வழிச்சு விடவோ எண்டு கேட்டவராம். எல்லாம் நல்ல சனம்தானாம். ஐயோ பாவம் எண்டு கோப்பி குடுப்பினமாம். உன்னை இப்பிடி வேலை வாங்க எங்களுக்கு மனமில்லை எண்டு சொல்லி அனுப்பிவிடுவினமாம். வயிறு மட்டும் அப்பிடியே காய்ஞ்சபடி.

"எட்வேட் எண்டு ஒரு கிழவன்தான், தனக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது எண்டு ஸ்னோ வழிக்கிற சவளை என்ர கையில தந்தது. தினமும் வாசலில வழிக்க ஸ்னோ கிடந்தது. அந்தாள் யன்னலடியில கோப்பி குடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கும். சோம்பேறிக் கிழவன், ஒரு அகதிப் பெடியனை மாடு மாதிரி வேலை வாங்குது எண்டு அயலெல்லாம் கதைச்சது. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஆனால் அந்தக் குளிர்காலம் நான் சாப்பிட்டது அந்தாளாலதான்."

"அப்ப அந்தாளுக்கு நன்றிக்கடனாத்தான் ஏறினனீங்களோ?" எண்டு கேட்டன்.

இவர் எழும்பிச் சூட்கேசுகளைத் திரும்பக் கையில எடுத்தார். பிறகு சொன்னார்.

"ஒரு நாள் மறந்துவிட்ட கையுறையை எடுக்கத் திரும்பிப் போனன். நாளைக்கும் எனக்கு வேலை இருக்கவேணுமெண்டு, நான் வழிச்சுக் குவிச்ச ஸ்னோவை, அந்த நாரிப்பிடிப்புக்காரர் தன்ர கையால அள்ளி அள்ளித் திரும்ப வாசலில கொட்டிக்கொண்டு நிண்டவர்."