வானம் தீர்ந்துபோன காலை

கணினிப் பெட்டியின் மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

திரையில் ஒரே வரி: வேலை எதுவும் இல்லை.

ஏப்ரல் மாதம். பின்லாந்தில் அதற்கு வசந்தம் என்று பெயர். வெளியே மைனஸ் பதினாறு.

கண்ணாடி வராந்தாவில் பெட்டிக்கு மேலே மூன்று தட்டு அலமாரி. அதில் என் மனைவி ஹில்க்கா விதை போட்டு வளர்த்த நாற்பத்தாறு தக்காளி நாற்றுகள். நேற்றுவரை விறைப்பாக நின்றவை, இப்போது பாதிரியார் திட்டிவிட்டதுபோல் தலை குனிந்திருந்தன.

வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பை மூட்டவும் வழியில்லை. புகைபோக்கி துடைக்க வந்தவர் அதில் விரிசல் கண்டுபிடித்து, அடுப்புக் கதவில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார். கொத்தனார் திங்கட்கிழமைதான் வருவார்.

மின்சார ஹீட்டரை இரண்டு வருடம் முன்பே பக்கத்து வீட்டு ரெய்யோவுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். வெறும் கம்பியைச் சுடவைக்கிறவன் முட்டாள். அதே மின்சாரத்தை மூன்று கிராபிக்ஸ் அட்டைகளுக்குக் கொடுத்தால் அதே சூடு வரும். கூடவே அறிவியலும் வளரும்.

தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பல்கலைக்கழகத்து சர்வர் வானத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பும். துடிக்கும் நட்சத்திரம் ஏதாவது அதில் ஒளிந்திருக்கிறதா என்று அட்டைகள் தேடும். சம்பளம் கிடையாது. வராந்தாவில் இருபத்திரண்டு டிகிரி கிடைக்கும்.

முன்பு ஒருமுறை, பகா எண் தேடும் கூட்டத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வராந்தா பதினொரு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. கணிதம் குளிர்ந்த துறை. புரதம் எப்படி மடிகிறது என்று கணக்குப் போடுகிற கூட்டத்தோடு எனக்கு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஹில்க்கா காபியை இறங்க வைத்துவிட்டு வந்து நின்றாள். ஒரு காலில் கம்பளி பூட்ஸ்.

"காபி இறங்கற வரைக்கும்தான் உனக்கு நேரம், தைஸ்தோ. அப்புறம் நான் ரெய்யோ வீட்டுக்குப் போய் நம்ம ஹீட்டரைக் கேட்டு வாங்கிட்டு வந்துருவேன்."

"ரெய்யோகிட்டயா? ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். செடி குளிர்ல சாகறதுக்கு நீ வெக்கத்துல சாகறது தேவலை. ஏன், சும்மா ஏதாவது ஒரு கணக்கை ஓடவிட்டுச் சூடு பண்ணேன். பெரிய லினக்ஸ்காரன்னு சொல்லிக்கறே."

முடியும். அட்டையை வாட்டிப் பார்ப்பதற்கென்றே, யாருக்கும் பயன்படாமல் ஓடுகிற நிரல் இருக்கிறது. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். ஆனால் அதைச் சூட்டுக்காக ஓட்டியவனை எங்கள் கூட்டத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள். பதினெட்டு வருடத்தில் என் கணினி ஒரு வாட்கூட வீணாகச் சுட்டதில்லை.

ஹில்க்கா இரண்டாவது பூட்ஸை இழுத்து மாட்டினாள்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் காரினாவுக்கு எழுதினேன்: "டாக்டரம்மா, உடனே வேலை அனுப்புங்க. இங்க நாப்பத்தாறு உயிர் ஊசலாடுது."

பதில் வந்தது: "வானம் தீர்ந்துபோச்சு ஐயா. அடுத்த தகவல் ஜூன்லதான் வரும். நீங்க என்ன ஆஸ்பத்திரியா நடத்துறீங்க?"

நாற்றுகளைப் படம் எடுத்து அனுப்பினேன். முன்வரிசையில் இருப்பதற்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றும் எழுதினேன்.

பதில் இல்லை. சமையலறையில் காபி சொட்டும் சத்தம் நின்றேவிட்டது. ஹில்க்கா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள்.

திரையில் வரிகள் கொட்டத் தொடங்கின.

டாக்டரம்மாவிடமிருந்து நானூறு துண்டுகள். முதல் விசிறி முனகியது, இரண்டாவது சேர்ந்துகொண்டது, மூன்றாவது கூவியது. ஐந்தே நிமிடத்தில் அட்டைகள் அறுபத்தெட்டு டிகிரி. பெட்டியின் பின்பக்கத்துக் காற்றில் முன்வரிசை நாற்று ஒன்று இலையை அசைத்தது. அது என்னைப் பார்த்துத் தலையாட்டியது என்று நான் அப்புறம் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

ஹில்க்கா அந்தக் காற்றில் உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பூட்ஸைக் கழற்றினாள்.

"ரெய்யோவுக்குக் குடுத்துவெக்கல," என்றாள்.

இரண்டாவது கோப்பைக் காபி குடிப்பதற்குள் முதல் துண்டு முடிந்துவிட்டது. எங்கள் விதிப்படி ஒரே துண்டுக்கு இரண்டு வீடுகளிலிருந்து விடைகள் வந்து, அவை ஒத்துப்போனால்தான் கணக்கு செல்லும். இன்னொரு விடை யாருடையது என்று திறந்து பார்ப்பது என் வழக்கம்.

அது நான்கு வருடம் முன்பு, ஒரு பிப்ரவரியில் வந்த விடை. நட்சத்திரம் இல்லை என்று தீர்ந்துபோன கணக்கு. அடுத்த துண்டும் அதே ஆள் முடித்தது. அதற்கடுத்ததும். பட்டியலைக் கடைசிவரை இறக்கிப் பார்த்தேன். நானூறும் ஒரே ஆள்.

பெயர்: தைஸ்தோ.

திரையை மெதுவாக என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"என்ன, ஏதாவது கண்டுபிடிச்சுதா?" ஹில்க்கா தொட்டிகளை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டே கேட்டாள்.

"பெரிய விஷயம். நாலு வருஷம் முன்னாடி ஒரு மேதை சொன்னதெல்லாம் கடைசிப் புள்ளி வரைக்கும் சரின்னு இன்னிக்கு நிரூபணமாயிட்டு இருக்கு."

"யாரு அது?"

"அடக்கமான மனுஷன். பேரை வெளியில சொல்லக் கூடாதுங்கறான்."